6. கடைவீதிக் கழிவில் ஒரு குடும்ப அருங்காட்சியகம்

சேலத்துக் குழந்தைக்கு அறிவியல் மையம் என்றால் அது ஒரு சுற்றுலா. கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ சென்னை கோட்டூர்புரத்திலோ இருக்கிற மையத்துக்குப் பள்ளிப் பேருந்தில் ஒருமுறை போய் வருவார்கள். வரிசையில் நின்று பொத்தானை அழுத்துவார்கள், விளக்கு எரியும், ஆசிரியர் "அடுத்தது வா" என்பார். அந்த மையங்கள் நமக்குக் கட்டாயம் வேண்டும். கோளரங்கத்தைத் தெருவில் கட்ட முடியாது. ஆனால் ஒரு பொருளை அரைமணி நேரம் கையில் வைத்துப் பிரித்து, கோத்து, தப்பாகப் போனால் மறுபடி பிரித்துப் பார்க்கிற இடம் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் அம்மாவோ தாத்தாவோ உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியோர் இடத்தைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு எப்படி அமைப்பது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மேசை போட வேண்டும். அதற்குப் பள்ளிக்கூட வராந்தா போதும். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தால் இன்னும் நல்லது. நீள மேசை, கை கழுவக் குழாய், மின்விசிறி எல்லாம் அங்கே தயாராக இருக்கும். நூலகமோ அரசு அருங்காட்சியகமோ இடம் கொடுத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அங்கே வந்து பழகிய குடும்பம், மேசைகள் இல்லாத நாளிலும் வரும்.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கிற 'சயின்ஸ் கிட்' எதையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. அதில் எல்லாத் துளையும் போட்டு, எல்லாத் துண்டும் வெட்டி வைத்திருக்கும். குழந்தை செய்ய மிச்சமிருப்பது அடுக்குவது மட்டுந்தான். ஒரு பாகம் தொலைந்தால் விளையாட்டே முடிந்தது. தெருவிலிருந்து வந்த பொருள் அப்படியல்ல. தொலைந்தால் தெருவிலேயே இன்னொன்று கிடைக்கும்.

சந்தையில் கிடைத்த வழி

தெருப்பொருளில் அறிவியல் கற்கிற இந்த வழியை இந்தியாவில் பரவலாக்கியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேரப் போனார். கிராமப் பள்ளிகளில் செய்துபார்த்துக் கற்பிக்கும் திட்டம் அது, 1972இல் தொடங்கியது. அங்கே வாரச்சந்தையில் சில்லறைக்குக் கிடைக்கிற பொருள்களை வாங்கி வந்து மேசையில் பரப்பினார். சைக்கிள் வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, அதன் இரண்டு முனையிலும் தீக்குச்சியைச் செருகியபோது, வளையக்கூடிய ஒரு மூட்டு கிடைத்தது. அந்த ஒரு மூட்டிலிருந்து முக்கோணம், பிரமிடு, வீடு, பாலம் என்று ஒரு புத்தகமே வந்தது. பின்னாளில் புனேயில் வானியல் ஆய்வு நிறுவனமான அயூகாவின் வளாகத்தில் இருந்த சிறுவர் அறிவியல் கூடத்தில் பத்தாண்டுக்கு மேல் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டில் இதே வேலையைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980லிருந்து செய்துவருகிறது. அதன் சிறுவர் இதழான துளிர் 1987இல் வெளிவரத் தொடங்கியது. பழைய துளிர் இதழ்கள் கையில் கிடைத்தால் விடாதீர்கள். எளிய சோதனைகளுக்கு அவை நல்ல சுரங்கம்.

வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகங்களுக்கு உலகம் முழுவதும் முன்மாதிரி. அதன் செயல்முறைக் குறிப்புகளில் முதலில் என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பது வரும். ஏன் அப்படி நடக்கிறது என்பது அதற்குப் பிறகே வரும். நம் மேசை அட்டைகளும் அப்படித்தான் இருக்க வேண்டும். மேலே "செய்து பார்", அடுத்து "கவனி". விளக்கத்தை அட்டையின் பின்பக்கம் எழுதிக் கவிழ்த்து வையுங்கள்.

பொருள் திரட்டுதல்

இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்தக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. அட்டைப்பெட்டி, சாக்கு, சணல் கயிறு, பெட்டி கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டை இவற்றுக்குப் பஞ்சமில்லை. சைக்கிள் கடையில் வால்வு டியூப், உடைந்த ஸ்போக்ஸ் கம்பி, தேய்ந்த பேரிங் குண்டு. தையல் கடையில் வெட்டுத் துணி, பார்டர் துண்டு. அச்சகத்தில் ஓரம் வெட்டிய தாள். ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடையில் செத்துப்போன ஸ்பீக்கர். அதன் பின்னால் இருக்கிற கறுப்பு வளையக் காந்தம்தான் நமக்கு வேண்டியது. வீடுகளிலிருந்து தண்ணீர் பாட்டில் மூடி, இனிப்புப் பெட்டி, அறுந்த ஹவாய் செருப்பு.

வியாபாரம் சூடாக இருக்கும் காலை நேரத்தில் போய் நிற்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய், "அண்ணா, குழந்தைங்களுக்கு ஒரு நிகழ்ச்சி பண்றோமுங்க, வீணாப் போற அட்டை, கயிறு இருந்தா எடுத்து வெச்சுருங்க, சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறோம்" என்று சொல்லுங்கள். கூடவே ஒரு குழந்தையை அழைத்துப் போங்கள். கொடுத்த கடைக்காரரை அவர் வீட்டுப் பிள்ளைகளோடு வரச் சொல்லுங்கள். இது உபசாரத்துக்காகச் சொல்வதல்ல. தன் கடைச் சாக்கு ஒரு மேசையில் யானையாக நிற்பதைப் பார்த்த கடைக்காரர் அடுத்தமுறை நீங்கள் கேட்காமலே எடுத்து வைப்பார்.

எதை வாங்கக் கூடாது என்பதில் கண்டிப்பு வேண்டும். இங்கே வெள்ளிப் பட்டறைகள் அதிகம். கொலுசுப் பட்டறையில் தரையைப் பெருக்கிய தூசியைக்கூட யாரும் கொட்டுவதில்லை, அதை உருக்கி மிச்ச வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். கழிவுக்கும் மதிப்புண்டு என்பதற்குக் குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் இந்த ஊரில் இல்லை. ஆனால் அந்தத் தூசி, அங்குள்ள காலி அமில பாட்டில், பற்றவைப்புப் பொடி எதுவும் மேசைக்கு வரக் கூடாது. அமிலமும் காட்மியம் போன்ற நச்சு உலோகமும் படிந்திருக்கலாம். பூச்சிமருந்து டப்பா, மருந்து அட்டை, ஊசி, டியூப்லைட், பழைய பேட்டரி, வாய் கிழிந்த எண்ணெய் டின் எல்லாம் அதே கணக்கு. பொத்தான் பேட்டரியும் கணினி ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்கிற சிறிய பலமான காந்தமும் இன்னும் ஆபத்து. விழுங்கிவிட்டால் உள்ளுறுப்பைத் துளைத்துவிடும். ஸ்பீக்கர் காந்தம் உள்ளங்கை அகலம், விழுங்க முடியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

முதல் மேசை: காந்தமும் கருமணலும்

இந்த மேசையைத்தான் வாசலுக்குப் பக்கத்தில் போட வேண்டும். சேலம் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தெரு ஓரத்தைப் பாருங்கள். தண்ணீர் ஓடிய தடத்தில் மணலுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். அந்த மணலில் ஒரு வாளி அள்ளி வெயிலில் காயவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வீடு கட்டுகிற இடத்து மணலும் ஆகும். திருமணிமுத்தாற்றுக்குள் இறங்கி எடுக்க வேண்டாம். ஊர்ச் சாக்கடையெல்லாம் சேர்கிற தண்ணீர் அது, குழந்தைகள் கை வைக்கத் தகாது.

ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு மணலில் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பையின் வெளிப்பக்கம் கறுப்பு மயிர் முளைத்ததுபோல் துகள்கள் நிற்கும். பையை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, உள்ளேயிருந்து காந்தத்தை உருவினால் துகள்கள் பொலபொலவென்று கொட்டும். பை இல்லாமல் நேராக மணலில் காந்தத்தைப் போட்டால் அன்று முழுக்கத் துடைத்தாலும் போகாது. முதல் தடவை கொட்டியதில் வெள்ளை மணலும் கலந்திருக்கும். அதையே மறுபடி இரண்டு மூன்று தடவை காந்தத்தால் எடுத்தால் கறுப்பு மட்டும் மிஞ்சும்.

அந்தக் கறுப்புத் துகள் மேக்னடைட், இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. தூய மேக்னடைட்டின் எடையில் சுமார் 72 சதவீதம் இரும்பு. சேலத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையின் பாறையில் இருப்பதும் இதே தாதுதான். 1830களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் பகுதியின் தாது போனது. இதை ஒரு அட்டையில் எழுதி, பக்கத்தில் கஞ்சமலைப் படம் ஒன்றை வைத்துவிடுங்கள். தாத்தா பாட்டிகள் மிச்சத்தைச் சொல்வார்கள்.

கறுப்பு மணல் ஏன் கோடு கோடாகச் சேர்ந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு தாம்பாளத்தில் மணலும் தண்ணீரும் கொடுத்து, அரிசி களைவதுபோல் அலசச் சொல்லுங்கள். வெளிர் மணல் முதலில் வழிந்து போகும், கறுப்பு அடியில் தங்கும். மேக்னடைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5 மடங்குக்கு மேல், சாதாரண மணலுடையது இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். மழைத்தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் கனமானது முதலில் இறங்கிவிடுகிறது. தெருவில் பார்த்த கோட்டைக் குழந்தை தாம்பாளத்தில் தானே வரைந்துவிடும்.

இதே மேசையில் இன்னொரு விளையாட்டும் வையுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தம்ளர், கரண்டி, சில்லறைக் காசு, பித்தளைச் சொம்பு, பாட்டியின் கொலுசு இவற்றில் எது காந்தத்தில் ஒட்டும் என்று முதலில் ஊகித்து எழுதவேண்டும், பிறகு சோதிக்கவேண்டும். எவர்சில்வர் பாத்திரம் பெரும்பாலும் ஒட்டாது. "இரும்புதானே இது?" என்று பெரியவர்களே கேட்பார்கள். துருப்பிடிக்காத எஃகில் பல வகை. நிக்கல் சேர்த்த வகைகள் பொதுவாகக் காந்தத்துக்கு இழுபடாது. குரோமியம் மட்டும் சேர்ந்த வகைகள் இழுபடும். சேலம் உருக்காலையில் செய்வது துருப்பிடிக்காத எஃகு என்பதை இங்கே சொல்லலாம். துருப்பிடிக்காத எஃகில் அடித்த 1 ரூபாய்க் காசு ஒட்டும், பழைய செம்பு-நிக்கல் 1 ரூபாய் ஒட்டாது. கொலுசு ஒட்டாது. உடனே யாராவது, "அப்போ இது அசல் வெள்ளி" என்பார்கள். பித்தளைச் சொம்பும் ஒட்டவில்லையே என்று அதைக் காட்டுங்கள். ஒட்டினால் வெள்ளியில் வேறு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம், ஒட்டாததால் வெள்ளி என்று முடிவுகட்ட முடியாது. ஒரு சோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று பிரித்துப் பார்க்கிற இந்த இடம்தான் காலை முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதற்கு நேரம் கொடுங்கள்.

கலைக்கு வருவோம். கெட்டி அட்டையின் அடியில் காந்தத்தை வைத்து மேலே கருமணலைத் தூவி அட்டையை மெல்லத் தட்டினால், துகள்கள் வளைந்த வரிகளாக நிற்கும். பசை தடவிய ஒரு தாளை அதன்மேல் ஒற்றி எடுத்தால் படம் தாளுக்கு வந்துவிடும். கொஞ்சம் கலையும், பரவாயில்லை. காந்தத்தை நகர்த்தி நகர்த்தி மயில் தோகையும் புலி முகமும் செய்கிற குழந்தைகள் உண்டு. அந்தத் தாளைக் காயவைத்து அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

தீக்குச்சியும் வால்வு டியூபும்

எல்லா சைக்கிள் கடையிலும் இப்போது வால்வு டியூப் இருக்காது. பழைய கடையாகப் பார்த்துக் கேளுங்கள். விரல் அகலத்தில் பாதியளவு நறுக்கிக்கொள்ளுங்கள். தீக்குச்சியின் மருந்தை முந்தின நாளே பெரியவர்கள் நனைத்துச் சுரண்டிவிட வேண்டும். தென்னை விளக்குமாற்றுக் குச்சியை ஒரே நீளத்துக்கு வெட்டிப் பயன்படுத்தினால் அந்த வேலையும் மிச்சம்.

மூன்று குச்சியில் முக்கோணம், நான்கு குச்சியில் சதுரம் செய்து இரண்டையும் அழுத்திப் பார்க்கட்டும். சதுரம் சாய்ந்து நெளியும், முக்கோணம் அசையாது. சதுரத்தை அசையாமல் நிறுத்த இன்னும் ஒரே ஒரு நீளக் குச்சி கொடுத்தால் எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். மூலைக்கு மூலை வைத்தவுடன் அது இரண்டு முக்கோணமாகிவிடும். ரயில் பாலத்திலும் மின்கோபுரத்திலும் பந்தல் சாரத்திலும் இருக்கிற குறுக்குக் கம்பியை அதற்குப் பிறகு அந்தக் குழந்தை தானாகவே கவனிக்கும். கடைசியில் ஒரு பாலம் கட்டி, நடுவில் தம்ளரைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கோலிக்குண்டாகப் போட்டு எங்கே முதலில் வளைகிறது என்று பார்க்கட்டும். எந்தப் பாலம் அதிகம் தாங்கியது என்று பரிசு வைக்காதீர்கள். பரிசு வைத்தால் அப்பா கட்டுவார்.

மரவள்ளி மாவு மேசை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது நின்றபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து அவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். சேலம், நாமக்கல் பகுதி முழுக்க ஆலைகள் வந்தன. 1981இல் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கமாக சேகோசர்வ் உருவானது. ஆகவே மாவுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. நம் பசை, நம் மை இரண்டும் இதிலிருந்தே வரப்போகின்றன.

பசைக்கு ஒரு பங்கு மரவள்ளி மாவு, எட்டுப் பங்கு தண்ணீர். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற நீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். இதைச் சமையல் தெரிந்த எந்தப் பாட்டியும் சொல்வார். அடுப்பை அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள், குழந்தைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். சுமார் 65 முதல் 70 டிகிரி வரும்போது பால் வெள்ளையாக இருந்தது சட்டென்று கண்ணாடிபோல் தெளிந்து கெட்டியாகும். மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி வெடிக்கிற கணம் அது. பசை ஓரிரு நாளில் புளித்து நாறும். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கிற பழைய வழக்கம் உண்டு. அது விஷம், குழந்தைகள் மேசையில் கூடவே கூடாது.

இந்தப் பசையோடு, முந்தின நாள் ஊறவைத்துப் பிழிந்த செய்தித்தாள் கூழைப் பிசைந்தால் முகமூடி, கிண்ணம், பொம்மைத் தலை எல்லாம் வரும். பலூனின் மேலோ கவிழ்த்த கிண்ணத்தின் மேலோ மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். தடித்தால் உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும். சேலம் வெயிலில் இரண்டு நாள் போதும்.

அடுத்தது மை. காய்ச்சிய பசையில் ஒரு கரண்டியை நிறையத் தண்ணீரில் கரைத்து, அதைத் தொட்டுத் தாளில் படம் வரையச் சொல்லுங்கள். காய்ந்ததும் எதுவும் தெரியாது. மருந்துக் கடையில் வாங்கிய டிஞ்சர் அயோடினைப் பல மடங்கு நீர் சேர்த்து வெளுக்கடித்து, பெரியவர் ஒருவர் தூரிகையால் தாள்மேல் தடவ வேண்டும். கோடுகள் கருநீலமாக எழுந்து வரும். ஸ்டார்ச் இருக்கும் இடத்தில் அயோடின் நீலமாகும், அதுதான் விஷயம். இங்கே ஒரு சிக்கல் வரும். ஜெராக்ஸ் தாளில் செய்தால் சில சமயம் தாள் முழுக்கவே நீலமாகிவிடும், படம் தெரியாது. தாள் செய்யும்போதே அதில் ஸ்டார்ச் சேர்த்திருப்பார்கள். இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். பலவகைத் தாள்களை வரிசையாக வைத்து, எதில் ஸ்டார்ச் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரிசி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, உப்பு, வெல்லம் இவற்றிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கட்டும். சொட்டு விட்ட எதையும் வாயில் போடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நீலமான தாளில் வைட்டமின் சி மாத்திரை கரைத்த நீரைத் தூரிகையால் தொட்டு வரைந்தால் நீலம் மறைந்து வெள்ளைக் கோடு விழும். எலுமிச்சைச் சாறும் இதைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. நீலப் பின்னணியில் வெள்ளைக் கோலம் போடலாம். சட்டையில் அயோடின் பட்டாலும் அதே மாத்திரை நீர்தான் மருந்து.

சின்னக் குழந்தைகளும் சினிமாவும்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒலி டப்பா போதும். ஒரே மாதிரியான டப்பாக்களில் ஜவ்வரிசி, மிளகு, துவரம்பருப்பு, புளியங்கொட்டை என்று இரண்டிரண்டு டப்பாவாக நிரப்பி, மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள். ஆட்டிப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். பாட்டிமார் இதில் எப்போதும் ஜெயிப்பார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு ஓடும் படம். வட்ட அட்டையின் ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் கிளி தலைகீழாக. இரண்டு ஓரத்திலும் நூல் கட்டி முறுக்கிச் சுழற்றினால் கிளி கூண்டுக்குள் போய்விடும். கண் ஒரு படத்தை விடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சினிமாவும் இப்படி அடுத்தடுத்து வரும் படங்கள்தான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும்; அதை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது இந்த ஊரில்தான், ஏற்காடு சாலையில். அதன் நுழைவு வளைவைப் பேருந்திலிருந்து பார்த்த பிள்ளைகளுக்கு இது ஒட்டிக்கொள்ளும்.

கடைசி மேசை: வண்டி

செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்திலேயே குகை என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஆடித் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கையைத் தெரியாத குழந்தை இந்தப் பகுதியில் இருக்காது. தெய்வங்களும் புராணப் பாத்திரங்களுமாக வேடமிட்டவர்கள், அலங்கரித்த வண்டிகளில் வருவார்கள். அந்த வண்டியைக் கையளவில் செய்வதுதான் கடைசி மேசை. மற்ற மேசைகளில் கற்றதெல்லாம் இதில் வந்து சேரும். குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மேல்மூடியைத் திறந்து மூடக்கூடிய அட்டைப்பெட்டி உடல். நான்கு தண்ணீர் பாட்டில் மூடி சக்கரம். மூங்கில் குச்சி அச்சு. அச்சு சுழல, பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் கீழே துளையிட்டு, காகித உறிஞ்சுகுழாய்த் துண்டுகளைச் செருகி ஒட்டி அவற்றினுள் குச்சியை விடவேண்டும். மூடியின் நடுவில் சூடான ஆணியால் துளை போடுவது பெரியவர் வேலை. துளை நடுவிலிருந்து விலகினால் வண்டி துள்ளித் துள்ளிப் போகும். அப்படிப் போகட்டும், அந்தத் துள்ளல்தான் நமக்கு வேண்டிய அடுத்த பாடம்.

இப்போது செருப்பை எடுங்கள். ஹவாய் செருப்பின் ரப்பரில் ஒரு வட்டம் வெட்டி, வேண்டுமென்றே நடுவிலிருந்து தள்ளித் துளையிட்டு, பெட்டிக்குள் இருக்கிற அச்சில் மாட்டுங்கள். அதன்மேல் ஒரு தட்டை வட்டம் உட்காரும்படி இன்னொரு குச்சியை மேல்மூடியின் துளைவழியாகச் செங்குத்தாக நிறுத்துங்கள். அந்தக் குச்சியும் ஓர் உறிஞ்சுகுழாய்க்குள் ஏறி இறங்க வேண்டும். வண்டியை உருட்டினால் உச்சியில் இருக்கிற பொம்மை எழுந்து உட்காரும். தட்டை வட்டத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி உட்கார வைத்தால் பொம்மை எழும்போதே சுழலவும் செய்யும். மோட்டார் எஞ்சினின் வால்வு திறந்து மூடுவதும் இந்த மாதிரியான ஏற்பாட்டில்தான். அப்பா மெக்கானிக்காக இருந்தால் அவரே எழுந்து வந்து விளக்குவார், விடுங்கள்.

வண்டி ஓடி, பொம்மை எழுந்த பிறகே அலங்காரம். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஜிகினா ஒட்டினால் ஓடாத வண்டி ஒன்று அழகாக நிற்கும், யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஓடுகிற வண்டிக்கு அலங்காரம் செய்கிற குழந்தைக்கு, துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது, கனம் ஒருபக்கம் சாயக் கூடாது என்ற கவனம் தானாக வரும். பார்டர் துண்டு பட்டுத் திரையாகும், இனிப்புப் பெட்டியின் தங்கத்தாள் கிரீடமாகும், முன்பே செய்து காயவைத்த காகிதக்கூழ் தலைக்கு மஞ்சள் பூசினால் அம்மன். தெர்மாகோல் மட்டும் வேண்டாம். நொறுங்கி ஊர் முழுக்கப் பறக்கும், பிறகு அதைப் பழைய பொருள் கடையிலும் வாங்கமாட்டார்கள்.

பெரியவர்களுக்கு

பள்ளியில் 'புராஜெக்ட்' கொடுத்தால் கடையில் ரெடிமேடாக வாங்கிக் கொடுப்பதும், இரவெல்லாம் உட்கார்ந்து அம்மாவே செய்து முடிப்பதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. மதிப்பெண்ணுக்காகச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இங்கே மதிப்பெண் இல்லை என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கத்தி, அடுப்பு, சூடான ஆணி மூன்றும் பெரியவர் கையில். மற்ற எல்லாம் குழந்தை கையில். குழந்தை தப்பாகக் கோக்கும்போது திருத்தாமல், "ஏங்கண்ணு, இது ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு மேசைக்கு ஐந்து குடும்பத்துக்கு மேல் விடாதீர்கள். மணி அடித்து மேசை மாற்றவும் வேண்டாம், மணலை விட்டு எழ மனமில்லாத பிள்ளை காலை முழுக்க மணலிலேயே இருக்கட்டும்.

முடிந்த பிறகு

செய்ததை வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பாதவர்கள் இருந்தால், கேட்டுப் பிரித்துவிடுங்கள். அட்டையும் தாளும் பழைய பேப்பர் கடைக்கு, கம்பியும் மூடியும் பழைய இரும்புக் கடைக்கு, காந்தங்கள் அடுத்த மாதத்துக்கு. கருமணலை ஒரு பாட்டிலில் அடைத்து, எந்தத் தெருவில் எப்போது எடுத்தது என்று எழுதி வையுங்கள். வெவ்வேறு தெருப் பாட்டில்கள் சேர்ந்தால் எங்கே கறுப்பு அதிகம் என்று ஒப்பிட்டு, செவ்வாய்ப்பேட்டையின் மண் வரைபடத்தைப் பிள்ளைகளே வரைந்துவிடலாம். நல்ல வண்டிகள் இரண்டை மட்டும் நூலகத்திலோ பள்ளியிலோ வெளியே தெரிகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டக் கூடாது, வருகிறவர்கள் உருட்டிப் பார்க்க வேண்டும். தொடங்க ஆகும் செலவு பசைக்கான மாவும் ஒரு குப்பி அயோடினும்தான். அடுத்த ஆடிக்குள் உங்கள் தெருவில் ஒரு மேசையாவது போட்டுவிடுங்கள்.